நான்கு தடவை பணம் தரும் நோய்க் காப்புறுதி: வியாபாரி பார்க்க வேண்டிய கணக்கு

காப்புறுதி முகவர்கள் கடைக்கு வந்தால் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். ‘பிறகு வாங்க தம்பி’ என்று அனுப்பி விடுவார்கள், அல்லது தெரிந்த பிள்ளை என்பதற்காகக் காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்து விடுவார்கள். இரண்டுமே கணக்குப் பார்க்கிற வேலை அல்ல. இருபது ரூபா இலாபத்துக்கு மூன்று கடை ஏறி விலை கேட்கும் நாம், இருபது வருடம் பணம் கட்ட வேண்டிய ஒரு ஒப்பந்தத்தை வாசிப்பதில்லை.

இந்த வாரம் பாரதூரமான நோய்களுக்கான காப்புறுதியைப் பற்றி எழுதுகிறேன். முகவர்கள் இதனைக் ‘கிரிட்டிகல் இல்னஸ்’ என்பார்கள். அதிலும் ஒரு தடவை பணம் கொடுத்த பின் முடிந்து விடாமல், நோய் திரும்ப வந்தாலும் வேறு நோய் வந்தாலும் மீண்டும் பணம் தருவதாகச் சொல்லும் வகையைப் பற்றியே பல வாசகர்கள் கேட்கிறார்கள்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1967இல் கேப்டவுனில் உலகின் முதலாவது இருதய மாற்றுச் சத்திரசிகிச்சையைச் செய்த குழுவில், அதற்குத் தலைமை தாங்கிய கிறிஸ்டியன் பர்னாட்டின் தம்பி மரியஸ் பர்னாட்டும் இருந்தார். அவரும் இருதய சத்திரசிகிச்சை நிபுணரே. தன்னிடம் உயிர் பிழைத்துச் சென்ற நோயாளிகள் வீட்டில் பணத்தால் நொந்து போவதைப் பார்த்தே, ஒரு காப்புறுதிக் கம்பனியோடு சேர்ந்து இந்தத் திட்டத்தைத் தயாரித்தார். 1983இல் தென்னாபிரிக்காவில் அது விற்பனைக்கு வந்தபோது அதில் இருந்தவை நான்கே நான்கு: மாரடைப்பு, புற்றுநோய், பாரிசவாதம், பைபாஸ் சத்திரசிகிச்சை. மவுத்துக்குப் பின் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கும் ஆயுள் காப்புறுதி அப்போதும் இருந்தது. உயிரோடு இருப்பவனுக்குக் கொடுப்பதற்குத்தான் எதுவும் இருக்கவில்லை.

வைத்தியசாலைக் காப்புறுதியோடு இதனைக் குழப்பிக் கொள்ளக் கூடாது. அது நீங்கள் காட்டும் பில்லுக்குப் பணம் தரும். இது நோய் உறுதியானதும் ஒப்பந்தத்தில் உள்ள தொகையை மொத்தமாகக் கையில் தரும். அதில் மருந்து வாங்கினீர்களா, கடை வாடகை கொடுத்தீர்களா என்று எவரும் கேட்பதில்லை.

வியாபாரிக்கு இது ஏன் முக்கியம்? நமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். மஹரகமவில் புற்றுநோய்க்கும், கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இருதயத்துக்கும் காசில்லாமல் வைத்தியம் பார்த்துச் சுகமானவர்கள் எத்தனையோ பேர். 2016இல் மஹரகமவுக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க இன மத பேதமின்றி மக்கள் காசு சேர்த்ததும் நினைவிருக்கும். ஆனால் வைத்தியம் இலவசமாகக் கிடைத்தாலும் கடை இலவசமாக நடக்காது. அரச ஊழியருக்குச் சம்பளத்தோடு லீவு உண்டு. கம்பனியில் வேலை செய்பவருக்கு ஈ.பி.எப். உண்டு. நமக்கு லீவும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. முதலாளி ஆறு மாதம் படுத்தால் புறக்கோட்டைக்குக் கொடுத்த பிற்திகதிக் காசோலைகள் திகதி தவறாமல் வங்கிக்குப் போகும். வெளியே கொடுத்த கடன் மட்டும் திரும்பி வராது.

தடவை கூடினால் பணம் கூடுமா?

இனி அந்தப் பல தடவைத் திட்டத்துக்கு வருவோம். ஹொங்கொங், சிங்கப்பூர் போன்ற இடங்களில் இவ்வகை ஒப்பந்தங்கள் பல வருடங்களாக விற்பனையில் உள்ளன. இவற்றின் பொதுவான அமைப்பு இதுதான். நோய்களைச் சில குழுக்களாகப் பிரிப்பார்கள். புற்றுநோய் ஒரு குழு, இருதயமும் இரத்தக் குழாய்களும் ஒரு குழு, மூளை நரம்பு ஒரு குழு, சிறுநீரகம் ஈரல் போன்ற உறுப்புகள் ஒரு குழு என்று இருக்கும். ஒரு குழுவில் ஒரு தடவை பணம் எடுத்து விட்டால் பெரும்பாலும் அந்தக் குழு மூடப்பட்டு விடும். அடுத்த பணம் வேறு குழுவில் உள்ள நோய்க்கே. அதே நோய் திரும்ப வந்தாலும் தருவோம் என்பது தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். புற்றுநோய்க்கு இந்த வாசகம் அதிகம் காணப்படும், மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் சில ஒப்பந்தங்களில் மட்டுமே இருக்கும். ஆகவே ‘நான்கு தடவை’ என்று விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் அது நான்கு வெவ்வேறு நோய்களாக இருக்கலாம்.

ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். விளங்குவதற்காக நான் போட்ட எண்கள் இவை, எந்தக் கம்பனியின் விலையும் அல்ல. ஒரே தவணைக் கட்டணத்துக்கு இரண்டு ஒப்பந்தம் கிடைக்கிறது. ஒன்று, ஒரே தடவை 30 இலட்சம். மற்றது, தடவைக்கு 12 இலட்சம் வீதம் நான்கு தடவை. இரண்டாவதன் தாளில் மொத்தம் 48 இலட்சம் என்று எழுதியிருக்கும். கண் அங்கேதான் போகும்.

இப்போது கடைக் கணக்கைப் பாருங்கள். கடை வாடகை, இரண்டு உதவியாளர்களின் சம்பளம், வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் இரண்டரை இலட்சம் குறைகிறது என்று வைப்போம். ஆறு மாதத்துக்கு 15 இலட்சம். மாற வேண்டிய காசோலைகள் 8 இலட்சம். மருந்து, போக்குவரத்து, வெளியில் செய்யும் பரிசோதனைகள் 4 இலட்சம். மொத்தம் 27 இலட்சம். முதலாவது ஒப்பந்தம் இதை மூடும். இரண்டாவது அரைவாசியைக் கூட மூடாது. காசோலை இரண்டு திரும்பினாலே மொத்த வியாபாரி அடுத்த லொறிக்குச் சாமான் ஏற்றமாட்டார். இரண்டாவது நோய்க்கான 12 இலட்சம் வரும் நேரத்தில் கடையே இருக்காது. எனவே முதல் தடவை வரும் தொகை போதுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். எத்தனை தடவை என்பது அதற்குப் பின்பு கேட்க வேண்டிய கேள்வி.

அதற்காகப் பல தடவைத் திட்டம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் ஒரு உண்மையான பெறுமதி உண்டு. ஒரு தடவை புற்றுநோயோ மாரடைப்போ வந்த ஒருவருக்குப் பிறகு எந்தக் கம்பனியிலும் புதிதாக நோய்க் காப்புறுதி கிடைப்பது அநேகமாக நடக்காத காரியம். ஒரு தடவை ஒப்பந்தம் பணத்தைக் கொடுத்து விட்டு முடிந்து போகும். நாற்பது வயதில் சுகமாகி எழும்பியவர் மிச்சக் காலம் முழுவதும் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருப்பார். இந்த இடத்தில்தான் பல தடவை ஒப்பந்தம் கை கொடுக்கிறது. முதல் தொகை குறையாமல், கட்டணத்தில் சிறு வித்தியாசத்தோடு கிடைத்தால், வயது குறைந்தவர்களும் குடும்பத்தில் புற்றுநோய் உள்ளவர்களும் அதனை எடுப்பது நியாயமே.

இடைவெளி என்ற பொறி

இதில் நான் அதிகம் கவலைப்படுவது காத்திருப்புக் காலத்தைப் பற்றியே. ஒப்பந்தம் ஆரம்பித்து முதல் 90 நாட்களுக்குள் வரும் நோய்க்குப் பணம் இல்லை என்பது வழமை. நோய் உறுதியாகி 14 அல்லது 30 நாட்கள் போன்ற ஒரு காலம் உயிரோடிருக்க வேண்டும் என்பதும் பல ஒப்பந்தங்களில் உண்டு. இவை ஒரு தடவைத் திட்டத்துக்கும் பொது. பல தடவைத் திட்டத்தில் இன்னொன்று சேரும். ஒரு பணத்துக்கும் அடுத்த பணத்துக்கும் இடையில் ஒரு வருடம் கழிய வேண்டும் என்பார்கள். புற்றுநோய் திரும்ப வந்தால் இடைவெளி இரண்டு, மூன்று வருடம் வரை போகும்.

இனி வைத்தியர்கள் சொல்வதைப் பாருங்கள். பாரிசவாதம் வந்தவருக்கு மீண்டும் வரும் ஆபத்து முதல் வாரங்களிலும் மாதங்களிலுமே அதிகம். மாரடைப்பும் முதல் வருடத்திலேயே மீண்டும் வரும் ஆபத்துக் கூட. பல வகைப் புற்றுநோய்கள் திரும்புவதும் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள்ளேயே. அதாவது ஆபத்து எந்தக் காலத்தில் கூடவோ, அந்தக் காலத்தைத்தான் இடைவெளி வெட்டி எடுக்கிறது. கம்பனியைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களும் கணக்குப் பார்த்தே விலை போடுகிறார்கள். நாமும் அதே கணக்கைப் பார்க்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு புடவை மொத்த வியாபாரி, நல்ல மனிதர், இப்படியான ஒப்பந்தம் ஒன்றை வைத்திருந்தார். பைபாஸ் செய்தபோது கேள்வி கேட்காமல் பணம் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்து விட்டது. வேறு குழு நோய்தானே என்று மகன் கோரிக்கை அனுப்பினார். பன்னிரண்டு மாதம் கழியவில்லை என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தில் அது தெளிவாகவே இருந்தது, வீட்டில் எவரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கவில்லை. மகன் பல்கலைக்கழகத்தை விட்டு விட்டு இப்போது கடையில் நிற்கிறார்.

இன்னொரு வாசகத்தையும் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டாவது நோய் முதலாவதோடு தொடர்பில்லாததாக இருக்க வேண்டும் என்று சில ஒப்பந்தங்கள் சொல்லும். நமது ஆட்களிடையே சீனி வருத்தம் எவ்வளவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. கல்யாண வீட்டு சஹனில் வட்டிலப்பத்தைத் தள்ளி வைப்பவர் எத்தனை பேர்! சீனி வருத்தம் இருதயத்தையும் தாக்கும், மூளையின் இரத்தக் குழாயையும் தாக்கும், சிறுநீரகத்தையும் பழுதாக்கும். மூன்றுக்கும் மூலம் ஒன்று. அப்படியானால் இரண்டாவது நோயைத் ‘தொடர்பில்லாதது’ என்று ஏற்பார்களா? இதனை முகவரிடம் வாயால் கேட்டுப் பயனில்லை, கம்பனியிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக் கொள்ள வேண்டும்.

விண்ணப்பம் நிரப்பும்போது சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் எதையும் மறைக்காதீர்கள். ‘அதெல்லாம் போட வேண்டாம் ஹாஜியார், கட்டணம் கூடிப் போகும்’ என்று சொல்லும் முகவர் கமிஷனோடு போய் விடுவார். கோரிக்கை நேரத்தில் உங்கள் கிளினிக் கொப்பியைக் கேட்பார்கள். மறைத்தது தெரிந்தால் பணமும் இல்லை, கட்டிய கட்டணமும் போகலாம். பொய்யான வாக்குமூலம் மார்க்கத்திலும் குற்றம் என்பது தனி விடயம்.

நோயின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, வரைவிலக்கணமும் பொருந்த வேண்டும். நெஞ்சு வலிக்கு ஸ்டென்ட் போட்டால் அது பைபாஸ் ஆகாது. பல ஒப்பந்தங்களில் தொகையின் ஒரு பகுதியே கிடைக்கும், சிலவற்றில் எதுவும் கிடைக்காது. ஆரம்பக் கட்டப் புற்றுநோய்க்கும் இப்படியே. பாரிசவாதம் என்றால் நிரந்தரப் பாதிப்பு இருக்க வேண்டும், ஒரு நாளில் சரியாகி விடும் சிறு தாக்கம் கணக்கில் வராது. அதேபோல் நோய்க்காக எடுக்கும் பணம் ஆயுள் காப்புறுதித் தொகையில் கழிபடுமா, முதல் பணத்துக்குப் பின்னும் முழுக் கட்டணம் கட்ட வேண்டுமா, எத்தனை வயதில் பாதுகாப்பு முடிகிறது என்பதையும் கேட்க வேண்டும். அறுபதில் முடியும் ஒப்பந்தத்தில் மூன்றாவது நான்காவது தடவை என்பது பேச்சுக்குத்தான்.

2022 கற்றுத் தந்தது

2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. 2015இல் 10 இலட்சத்துக்கு ஒப்பந்தம் செய்தவருக்கு அந்தத் தொகை அன்று 7,000 டொலருக்கு மேல். டொலரை 300 ரூபா என்று எடுத்தால் அதே 10 இலட்சம் 3,300 டொலர்தான். புற்றுநோய் மருந்தும் ஸ்டென்டும் இறக்குமதிச் சாமான்கள். இரண்டாவது பணமும் மூன்றாவது பணமும் பத்துப் பதினைந்து வருடம் கழித்து வரக்கூடியவை என்பதால் அவற்றின் பெறுமதி இன்னும் கரையும். வருடா வருடம் தொகையைக் கூட்டிக் கொண்டு போகும் வசதி இல்லாத பல தடவைத் திட்டத்துக்கு நான் அதிக விலை கொடுக்க மாட்டேன்.

மார்க்க விடயத்தில் தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் வேலை. வாசகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய தகவலை மட்டும் சொல்கிறேன். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் பிக்ஹ் சபை 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடி, நிலையான கட்டணம் பெறும் வர்த்தகக் காப்புறுதி கூடாது என்றும், பரஸ்பர உதவியின் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்புறுதி அதற்கு மாற்றாக ஆகுமானது என்றும் முடிவு செய்தது. நமது நாட்டில் 1999இல் அமானா தகாபுல் ஆரம்பமானதிலிருந்து அந்த வழி இருக்கிறது. தகாபுலில் நீங்கள் கட்டுவதில் ஒரு பகுதி தபர்ருஃ என்ற நன்கொடையாகப் பொது நிதிக்குப் போகும், உதவி அந்த நிதியிலிருந்து வரும். ஆனால் ‘தகாபுல்’ என்ற பெயர் இருந்தாலும் மேலே சொன்ன குழு, இடைவெளி, வரைவிலக்கணம் எல்லாவற்றையும் அங்கேயும் அப்படியே கேட்க வேண்டும். ஹலால் என்பதற்காகத் தராசைப் பார்க்காமல் சாமான் வாங்குவதில்லையே.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுப்பதற்கு எத்தனை நாள் தருகிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். அந்த நாட்களுக்குள் ஆங்கிலமும் வைத்தியச் சொற்களும் விளங்கும் ஒருவரிடம் கொடுத்து முழுவதையும் வாசிக்க வையுங்கள். குடும்பத்தில் ஒரு வைத்தியப் பிள்ளை இருந்தால் வரைவிலக்கணப் பக்கங்களைக் காட்டுங்கள். ஒப்பந்தம் எங்கே இருக்கிறது, இடைவெளி எவ்வளவு என்பதை மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள், ஏனெனில் கோரிக்கைக் கடிதம் எழுதப் போவது அவர்களே.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெற்று, முதலில் கம்பனியின் மேலிடத்துக்கு முறையிட வேண்டும். அங்கு சரிவராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறைப்பாடு செய்யலாம். கம்பனியோ முகவரோ பதிவு பெற்றவரா என்ற சந்தேகம் வந்தாலும் பணம் கட்ட முன் விசாரிக்க வேண்டிய இடம் அந்த ஆணைக்குழுவே.