எல்லாத் தடுமாற்றமும் அறளை அல்ல

வயது எண்பதைத் தாண்டிய ஒருவர் மாறாட்டமாகப் பேசத் தொடங்கினால் "அறளை பெயர்ந்துவிட்டது" என்று சொல்லிவிடுவது எம்மவர் வழக்கம். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வரும் மறதிக்கு அது பொருந்தலாம். ஆனால் போன கிழமை வரை தானே தேநீர் போட்டுக் குடித்தவர் இரண்டு மூன்று நாட்களுக்குள் குழம்பிப் போனால் அது வேறு விடயம். மருத்துவர்கள் இதனை டெலிரியம் என்பர். காலையில் தெளிவாக இருப்பார். மாலையில் மகளையே யாரென்று கேட்பார். காரணத்தைக் கண்டு சிகிச்சை அளித்தால் பெரும்பாலும் குணமாகும். முற்றாகத் தெளியச் சிலருக்கு வாரங்கள் எடுக்கலாம். ஏற்கெனவே அறளை உள்ளவர்களுக்கு இது இன்னும் எளிதாக வரும்.

சிலர் கத்துவர், கட்டிலை விட்டு இறங்கி ஓடப் பார்ப்பர். அவர்களை எல்லோரும் கவனிப்பர். சத்தமில்லாமல், சாப்பாடும் வேண்டாமல் பகலெல்லாம் தூங்கி வழிபவரைத்தான் நாம் தவறவிடுகிறோம்.

முதியவர்களுக்கு நியூமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ வரும்போது காய்ச்சல் இல்லாமல் குழப்பம் மட்டும் தெரியலாம். போதிய தண்ணீர் குடியாமை (இரவில் எழும்ப வேண்டுமே என்று பலர் வேண்டுமென்றே குறைக்கிறார்கள்), மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு ஆகியனவும் காரணமாகலாம். இரத்த அழுத்தத்துக்கான சில குளிசைகள் உடலில் சோடியத்தைக் குறைத்துவிடும். கந்தசஷ்டி விரதமிருந்துகொண்டு நீரிழிவுக்கான கிளிக்லசைட் குளிசையை வழமைபோல் விழுங்கினால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

கனடாவில் மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய பெனட்ரில், கிரவோல் போன்றவையும் முதியவர்களின் மூளையைக் குழப்பக்கூடியவை. நித்திரைக் குளிசைகளும் அப்படியே. ஊரிலிருந்து பெட்டியில் வந்த குளிசைகளைப் பற்றி வைத்தியருக்கு யாரும் சொல்வதேயில்லை!

மெதுவாக வரும் மறதியிலும் திருத்தக்கூடியவை உண்டு. வைட்டமின் பி12 குறைபாடு (மரக்கறி மட்டும் உண்பவர்கள், மெட்ஃபோர்மின் நீண்டகாலம் எடுப்பவர்கள் கவனிக்க), தைரொயிட் சுரப்பு குறைதல் இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் அறியலாம். விழுந்து தலையில் அடிபட்டவருக்கு, அதிலும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு, வாரங்கள் கழித்தும் மூளைக்கு மேல் இரத்தம் தேங்கி நிற்கலாம். இதற்கு ஸ்கேன் தேவை.

வைத்தியசாலையில் உங்கள் தாயாரை முதன்முதலாகக் காணும் தாதிக்கு அவரது வழமையான நிலை தெரியாது. ஆங்கிலம் தெரியாததால் பதில் சொல்லவில்லை என்றும் நினைத்துவிடலாம். "செவ்வாய்க்கிழமை வரை அம்மா நன்றாக இருந்தார்" என்று நீங்கள் சொல்லும் அந்த ஒரு வசனம் வைத்தியருக்கு மிகப் பெரிய உதவி. வீட்டிலுள்ள குளிசைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மூக்குக்கண்ணாடியையும் காதுக் கருவியையும் மறக்கவேண்டாம். அவை இல்லாவிட்டால் குழப்பம் கூடும். வைத்தியர் தந்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, எழுப்ப முடியாமல் கிடந்தாலோ குடும்ப வைத்தியருக்காகக் காத்திராமல் உடனே 911ஐ அழையுங்கள்.