பிங் போகுது, ஃபைல் வரல!

போன வாரம் ராத்திரி 11 மணி, காலையில ரிலீஸ். வீட்டிலிருந்து விபிஎன் வழியா சர்வர்ல லாகின் ஆயிட்டேன், பிங்கும் போகுது. ஆனா பெரிய லாக் ஃபைலைத் திறந்தா அப்படியே நின்னுடுது. சர்வர் டீமுக்கு போன் போட்டுக் கத்திட்டேன். தப்பு அவங்க மேல இல்ல.

சின்னது போய், பெரியது மட்டும் சிக்குதா? முதல்ல எம்டியுவைப் பாருங்க. ஒரு பாக்கெட் இருக்கக்கூடிய அதிகபட்ச அளவு அது. ஈதர்நெட்டில் 1500 பைட். என் வீட்டு இணைப்பு பிபிபிஓஇ. அதுக்கு 8 போக 1492. வயர்கார்ட் ஐபிவி6 மேல ஓடினா, தன் உறைக்கு 80 எடுத்துக்கும். மிச்சம் 1412. ஆனா அதுல வழக்கமா இருக்கிற எம்டியு 1420. அந்த 8 பைட்தான் வில்லன்!

ஐபிவி6-ல நடுவழி ரவுட்டர் பாக்கெட்டைத் துண்டாக்காது. 'ரொம்பப் பெரிசு'ன்னு ஐசிஎம்பி செய்தி அனுப்பும். ஃபயர்வால் அதைத் தடுத்துட்டா, அனுப்பின பக்கத்துக்கு விஷயமே தெரியாது.

டனலுக்கு வெளியே, துண்டாக்காதேன்னு சொல்லி, பிங் அளவை மாத்திப் பார்த்தேன். 1444 போச்சு, 1445 போகல. ஹெடர் 48 சேர்த்தா, அதே 1492. ரெண்டு முனையிலயும் டனல் எம்டியுவை 1412 ஆக்கினேன். ஃபைல் வந்துடுச்சு. அடுத்து, டீமுக்கு ஒரு ஸாரி போச்சு.