ஊர் திரும்பியவருக்குச் சொல்லும் சேதி

ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் நெருங்கினால் வெளியூரில் பிழைக்கும் ஏரல்காரர்கள் ஊர் வந்து சேர்ந்துவிடுவார்கள். 1906-ல் ஏரல் சேர்மனாகி, 1908 ஆடி அமாவாசையன்று மறைந்த அருணாசல சுவாமியின் கோயில் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. அதன் திருவிழாதான் அவர்களை அழைத்து வருவது. வந்தவர் பையை இறக்கி வைத்துக் காப்பி டம்ளரைக் கையில் வாங்கும்போதே வீட்டில் சேதி ஆரம்பமாகிவிடும். வடகால் வாய்க்காலில் தண்ணீர் வந்த விவரம், காற்றில் சாய்ந்த வாழை, பெரியப்பா மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது, மேலத் தெருப் பாட்டி தவறிப்போனது என்று ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வரும். இதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தினமும் வீடியோ காலில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், நேரில் சொல்ல இன்னும் என்ன பாக்கி என்று கேட்கிறார்கள். கிராமத்துக் குடும்பங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே இந்தப் பேச்சால்தான் என்பது என் கட்சி.

காரணம், இங்கே சேதி சும்மா வருவதில்லை. கூடவே ஒரு கடமையும் வருகிறது. பாட்டி தவறிய சேதி காதில் விழுந்தால், ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் அந்த வீட்டுக்குத் துட்டி கேட்கப் போயாக வேண்டும். பிள்ளை பிறந்த வீடு, சடங்கு வீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு. ஏதாவது ஒரு வீட்டின் மொய் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மூலைகளில் மஞ்சள், அதன் கீழே தாய்மாமன் பெயர். பிறகு சிவகளை, பெருங்குளம், குரும்பூர், ஆத்தூர் என்று ஊர்ப் பெயரோடு ஆட்களின் பெயரும் எதிரே தொகையும். திருப்பிச் செய்ய வேண்டிய தேதி மட்டும் அதில் இருக்காது. 'அவங்க வீட்ல தை மாசம் கல்யாணம் வச்சிருக்காங்க' என்று அம்மாவோ மதினியோ சொல்லும் வாய்ச் சேதிதான் அந்தத் தேதி. அது வந்து சேராவிட்டால் நோட்டு வெறும் காகிதம். ஒரு வீட்டுக் கல்யாணச் செலவைப் பல வீடுகள் பகிர்ந்து சுமக்கும் ஏற்பாடு அத்தோடு அறுந்து போகும்.

போன் இதைச் செய்யாதா? பாதி செய்யும். ஆனால் தூரத்தில் இருக்கும் மகனிடம் தாய் போனில் சொல்வதெல்லாம் 'நாங்க நல்லாதான் இருக்கோம், நீ சாப்ட்டியாய்யா' என்பதுதான். முழங்கால் வலியையும் கட்டாத வட்டியையும் அவள் போனில் சொல்ல மாட்டாள். நேரில் வந்தால் அவள் நடக்கும் நடை சொல்லிவிடும், அடுத்த வீட்டுச் சித்தி மிச்சத்தைச் சொல்லிவிடுவாள். வாட்ஸ்அப் குழுவில் வரும் இறப்புச் சேதிக்குக் கைகூப்பும் படம் ஒன்றைத் தட்டிவிட்டவர், துட்டி கேட்டாயிற்று என்றே நினைத்துக்கொள்கிறார். வேகம் கூடியது நல்லதுதான். ஆனால் அந்த வேகத்தில் கடமை உதிர்ந்துவிடுகிறது.

போனை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தப் பகுதி கண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. ஏரல் ஆற்றுப் பாலத்தை வெள்ளம் சிதைத்தது. கடைவீதிக்குள் புகுந்து சரக்கையெல்லாம் சேறாக்கியது. கரண்ட் போனது, டவர் போனது. பெற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாமல் வெளியூரில் இருந்த பிள்ளைகள் தவித்தார்கள். மீனவர்கள் படகோடு மீட்புக்கு வந்தார்கள். கட்டிலோடு கிடக்கும் பெரியவர் எந்த வீட்டில், நிறைமாதக்காரி எந்த வீட்டில் என்பது படகில் வருகிறவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டாருக்குத்தான் தெரியும். அந்த அறிவு அன்றைக்கு முளைத்ததல்ல. வெட்டிப் பேச்சு என்று நாம் தள்ளிய திண்ணைப் பேச்சில் நாள்தோறும் சேர்ந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு, அதை மழுப்பக் கூடாது. இந்தச் சேதிதான் பெண்பிள்ளைகளைக் காவல் காக்கிறது. படித்த பெண் பஸ் ஸ்டாண்டில் யாரோடு பேசினாள் என்பதும், மருமகளுக்கு இன்னும் விசேஷம் இல்லையே என்பதும் இதே வழியில்தான் ஊர் சுற்றுகிறது. சாதிக்கொரு தெரு என்று பிரிந்த ஊர்களில் சேதி அந்தத் தெரு முனையிலேயே நின்றும் விடுகிறது. முழுக்க உண்மை. ஆனால் பேச்சை நிறுத்தினால் சந்தேகம் நிற்காது, துணைதான் நின்றுபோகும். மாற்ற வேண்டியது எதை விசாரிக்கிறோம் என்பதை. அடுத்தவர் வீட்டு மருமகளின் வயிற்றைப் பற்றி மகனிடம் சொல்லும் அத்தை, வாழை சாய்ந்து கடனில் நிற்கும் அடுத்த தெருக் குத்தகைக்காரரைப் பற்றியும் சொல்லலாம். கோயிலுக்கு வந்தவர் அந்த வீட்டுக்கும் ஒரு எட்டுப் போய் விசாரித்து வரலாம்.