புகை விடும் என்ஜின்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

மார்கழி மாதத்தில் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் முதலாண்டு மாணவன் ஒருவன் தயங்கியபடி என்னிடம் வந்தான். அவனுடைய தந்தை பால் வியாபாரி. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளின் இருபுறமும் கேன்களைக் கட்டிக்கொண்டு நாள்தோறும் 40 கிலோமீட்டர் சுற்றி வருபவர்.

"சார், அப்பா வண்டி நீலமாப் புகை விடுது. ஆயில் ஊத்தி மாளலை. மேடு ஏற மாட்டேங்குது. மெக்கானிக், என்ஜினையே மாத்திடலாம், கழட்டின என்ஜின் ஒண்ணு இருக்குங்கிறார். இருக்கிற ரெண்டு மாட்டுல ஒண்ணை வித்துடலாமான்னு அப்பா யோசிக்கிறார்" என்றான்.

"மாட்டை விற்பது இருக்கட்டும் தம்பி. முதலில் என்ஜினை அளந்து பார்ப்போம்" என்றேன். அந்த வாரம் நாங்கள் செய்த சோதனைகளை உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்த வண்டி நம் சாலைகளில் பெருவாரியாக ஓடும் நூறு சிசி வகை. சிலிண்டரின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே செல்லும் தூரம், அதாவது வீச்சு, 49.5 மில்லிமீட்டர். உருளையின் கனஅளவுக்கான வாய்பாட்டில் இவற்றைப் போட்டுப் பாருங்கள், 97.2 கன சென்டிமீட்டர் கிடைக்கும். பதிவுப் புத்தகத்தில் உள்ள எண் இதுதான்.

இனி இன்னொரு கணக்கு. என்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு விநாடிக்கு 100 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை கீழிறங்கி ஒருமுறை மேலேறுகிறது. ஆகவே ஒரு விநாடியில் அது கடக்கும் தூரம் 200 × 49.5 மில்லிமீட்டர், அதாவது 9.9 மீட்டர். ஒரு மணி நேரத்தில் 35 கிலோமீட்டருக்கும் மேல்! கட்டை விரல் நீளங்கூட இல்லாத அறைக்குள் இத்தனை தூரம் உராய்ந்துகொண்டே போய் வருகிறது. இடையில் இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். தேயாமல் என்ன செய்யும்?

ஆனால் சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. பிஸ்டன் வேகமாக ஓடும் நடுப்பகுதியில் எண்ணெய்ப் படலம் நன்றாகத் தாங்கும். உச்சியில் பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்பும்போது படலம் மெலிந்து அறுபடுகிறது. எரியும் வாயுவின் அழுத்தம் பிஸ்டன் வளையங்களைச் சுவரோடு சேர்த்து நெருக்குவதும் அந்த இடத்தில்தான். வெப்பமும் அங்கேதான் அதிகம். எனவே மேல் வளையம் திரும்பும் இடத்தில் தேய்மானம் மிகுதி. அதற்கு மேலே வளையம் எட்டாத பகுதி தேயாமல் ஒரு விளிம்பாக நின்றுவிடும். ஹெட்டைக் கழற்றி நகத்தால் தடவினாலே தட்டுப்படும். மேலும், இணைப்புத் தண்டு சாய்ந்து நின்று தள்ளுவதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரிலேயே அதிகம் சாய்கிறது. வட்டமாக இருந்த துளை நாளடைவில் நீள்வட்டமாகிறது.

இனி புகைக்கு வருவோம். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று பொருள். குளிர்காலக் காலையில் தோன்றி மறையும் வெண்புகை நீராவி, அஞ்ச வேண்டியதில்லை. நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. ஆனால் நீலப்புகை கண்டவுடன் சிலிண்டர் போய்விட்டது என்று முடிவு கட்டக்கூடாது. இரவு நின்ற வண்டியைக் கிளப்பும்போது மட்டும் புகைந்து பின் நின்றுவிட்டால், வால்வுத் தண்டின் ரப்பர் சீல் வழியே எண்ணெய் இறங்குகிறது என்று ஐயப்படலாம். அதை மாற்றுவது சிறு செலவு. முறுக்கும்போதெல்லாம் விடாமல் புகைந்தால் வளையங்களையும் சிலிண்டரையும் பார்க்க வேண்டும். மாணவனின் தந்தை வண்டி இரண்டாம் வகை.

அடுத்து அழுத்தச் சோதனை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து பலமுறை உதைக்க வேண்டும். இந்த எஞ்சினில் காற்று ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. வெப்பம் வெளியேறாமல் நெருக்கினால் அழுத்தம் 9-இன் 1.4 அடுக்கு, அதாவது 21 மடங்குக்கு மேல் உயர வேண்டும். பாடப்புத்தகம் சொல்வது இது. உண்மையில் உலோகச் சுவர் வெப்பத்தை உறிஞ்சுகிறது. உள்ளிழு வால்வு சற்றுத் தாமதமாக மூடுகிறது. நல்ல எஞ்சினிலும் கொஞ்சம் கசிவு உண்டு. எனவே மானி இதில் பாதியளவே காட்டும். எங்கள் வண்டியில் அதற்கும் வெகு கீழே நின்றது.

அழுத்தம் எங்கே கசிகிறது? இதை அறிய ஓர் எளிய உத்தி உண்டு. பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மீண்டும் உதைத்துப் பாருங்கள். ஆயில் வளையங்களைச் சுற்றி நின்று இடைவெளியை அடைக்கும். அழுத்தம் உயர்ந்தால் குறை வளையத்திலோ சிலிண்டரிலோ இருக்கிறது. உயராவிட்டால் வால்வுகளைத் தேடிப் போகலாம். எங்களுக்கு உயர்ந்தது.

ஹெட்டும் சிலிண்டரும் இறங்கின. எவ்வளவு தேய்ந்திருக்கிறது? அவன் ஸ்கேலை எடுத்தான், நான் சிரித்துவிட்டேன். ஆனால் துல்லியமான உள்விட்டமானி இல்லாமலே இதை அளக்கலாம். பிஸ்டன் வளையம் முழு வட்டமன்று; ஓரிடத்தில் வெட்டுண்டிருக்கும். வளையத்தைச் சிலிண்டருக்குள் சாயாமல் தள்ளி, அந்த வெட்டின் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடுகளால் அளக்க வேண்டும். முதலில் வளையம் எப்போதும் எட்டாத அடிப்பகுதியில். பிறகு அதே வளையத்தை மேலே, தேய்ந்த இடத்தில். அடியில் 0.25 மில்லிமீட்டர். மேலே 0.65 மில்லிமீட்டர். வேறுபாடு 0.40.

வளையம் சுற்றளவை ஒட்டிப் படிகிறது. சுற்றளவு என்பது விட்டத்தைப்போல் 3.14 மடங்கு. ஆகவே விட்டத்தில் உண்டான மாற்றம் இடைவெளியில் மும்மடங்குக்குமேல் பெருகித் தெரிகிறது. 0.40-ஐ 3.14-ஆல் வகுத்தால் 0.127 மில்லிமீட்டர். ஏறக்குறைய இரண்டு தலைமுடிகளின் கனம்! இவ்வளவு சிறிய சிலிண்டரில் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தாலே போர் செய்ய வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. வளையமே தேய்ந்திருந்தாலும் இந்த முறையில் பிழை வராது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். (நீள்வட்டத் தேய்மானத்தை மட்டும் இது காட்டாது.)

சிலர் சிலிண்டரைத் தொடாமல் புது வளையம் மட்டும் போட்டு ஓட்டப் பார்ப்பார்கள். புது வளையம் அந்த மேல் விளிம்பில் மோதி உடையக்கூடும். அது காசைக் கரியாக்கும் வேலை.

போர் செய்வதா, என்ஜினை மாற்றுவதா என்பதற்கு இன்னும் ஒரு சோதனை மீதி இருந்தது. இணைப்புத் தண்டைப் பிடித்து நேராக மேலும் கீழும் இழுத்துப் பார்த்தோம். பக்கவாட்டில் சிறிது அசையலாம்; மேல் கீழாக ஆட்டம் இருக்கக்கூடாது. இருந்தால் கிராங்க் வரை பிரிக்க வேண்டும், செலவு எகிறிவிடும். கிராங்க் கேஸ் விரிந்திருந்தாலும் என் விடை வேறாக இருந்திருக்கும். இங்கே இரண்டுமில்லை.

அப்புறம் பணக் கணக்கு. போர், பிஸ்டன், வளையம், கூலி எல்லாம் சேர்த்து 6000 ரூபாய் என்றும், அதனால் 40,000 கிலோமீட்டர் ஓடும் என்றும் வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 15 காசு. பழைய என்ஜின் 12,000 ரூபாய் என்று கொள்ளுங்கள். அது எத்தனை தூரம் ஓடும்? 20,000 என்றால் 60 காசு. அந்த 20,000-க்கும் யார் பொறுப்பு? சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் நல்ல என்ஜின்களும் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் திறந்து அளக்காமல் எதையும் சொல்ல முடியாது. தவிர, என்ஜின் எண் பதிவுப் புத்தகத்தில் உள்ளது. வேறு என்ஜின் என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதை மாற்றியாக வேண்டும். திருட்டு வண்டியின் என்ஜினாக இருந்துவிட்டால் பால்காரருக்குக் காவல் நிலையத்தில் என்ன வேலை?

சிலிண்டரையும் பிஸ்டனையும் ஜோடியாகப் புதிதாக வாங்கிப் போடுவது மூன்றாவது வழி. பல பட்டறைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். நல்ல லேத் பட்டறை பக்கத்தில் இல்லாத ஊரில் நானும் அதையே சொல்வேன். எங்கள் ஊரில் கைதேர்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார்.

பெரிய அளவு பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று படிப்படியாக வருகின்றன. "தேய்ஞ்சது 0.127தானே, 0.25 போதாதா?" என்று மாணவன் கேட்டான். பெரியவர் தலையசைத்தார். 0.25 என்பது விட்டம். சுவரில் ஒரு பக்கத்துக்கு 0.125 மட்டுமே சீவப்படும். தேய்மானம் பெரும்பாலும் ஒரே பக்கமாக இருந்தால் பள்ளத்தின் அடி அப்படியே மிஞ்சிவிடும். ஆகவே 0.50.

மூன்று நாள் பால் கேன்கள் உறவினர் ஒருவரின் மொபெட்டில் போயின. நான்காம் நாள் வண்டி வந்தது. புதுச் சுவரின் நுண்ணிய மேடுகள் பிஸ்டனோடு இசையும்வரை விரட்டாமல் ஓட்டச் சொன்னோம்; 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றினார்கள். மாடு இரண்டும் தொழுவத்திலேயே நிற்கின்றன.

அடுத்த வாரம் பையன் ஒரு தாளோடு வந்தான். "சார், விட்டம் இப்ப 50.5. போட்டுப் பாத்தேன், 99.1 சிசி வருது. பதிவுப் புத்தகத்துல 97.2-ன்னுல்ல இருக்கு?"