ஆயுள் தேடும் பிளாஸ்டிக் மின்கலம்

ஒரு சதவிகிதத்தில் தொடங்கிய திறன் இருபதைத் தொட்டுவிட்டது. ஆனால் தனக்குத் தீனி போடும் வெயிலையே தாங்க முடியாமல் தவிக்கிறது இந்தத் தொழில்நுட்பம்.

கதவுக்கு அடிக்கும் நீலப் பெயின்ட், புத்தகம் அச்சிடும் நீல மை. இரண்டுக்கும் பெரும்பாலும் நிறம் தருவது ஒரே பொருள்தான்: காப்பர் தாலோசயனின். அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய சிங் டாங், இந்தச் சாயத்தை மெல்லிய படலமாக்கி, அதை ஒட்டி இன்னொரு சாயத்தின் படலத்தைப் படிய வைத்தார். வெளிச்சம் பட்டதும் மின்சாரம் பிறந்தது. 1986-ல் அவர் வெளியிட்ட முடிவின்படி, விழுந்த ஒளியில் மின்சாரமாக மாறியது சுமார் 1 சதவிகிதம்.

சொற்பம்தான். ஆனால் அது கிளப்பிய ஆசை பெரிது. சிலிக்கானை 1,400 டிகிரிக்கு மேல் உருக்கி, படிகமாக்கி, சீவி எடுத்து, கண்ணாடிக்கு அடியில் பொதிந்தால்தான் இன்று கூரைகளில் பார்க்கும் கனமான சோலார் பலகை கிடைக்கும். கார்பனை அடிப்படையாகக் கொண்ட கரிமப் பொருட்கள் அப்படியல்ல. அவற்றில் பலவற்றை மைபோலக் கரைத்து, செய்தித்தாள் அச்சடிப்பதுபோல பிளாஸ்டிக் சுருளில் பூசிவிடலாம். சுருட்டி எடுத்துப் போகலாம். ஜன்னலில் ஒட்டலாம்.

குறுக்கே நின்றது ஒரு நுணுக்கமான சிக்கல். சிலிக்கானில் ஒளி பட்டதும் எலெக்ட்ரான் எளிதில் விடுபடும். கரிமப் பொருளில் அது தான் விட்டு வந்த காலியிடத்தோடு ஒட்டிக்கொண்டே அலையும். இந்த ஜோடியைப் பிரிக்க, எலெக்ட்ரானை இழுத்துக்கொள்ளும் வேறொரு பொருள் பக்கத்தில் வேண்டும். அதுவும் சுமார் 10 நானோமீட்டருக்குள். அதாவது, ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சம் கூறு போட்டால் வரும் ஒரு கூறு. அதைத் தாண்டினால் ஜோடி அணைந்துவிடும். ஒளி வெறும் சூடாகிவிடும். ஆனால் ஒளியை முழுசாக விழுங்க, படலம் அதைப்போல் பத்து மடங்கு தடிமனாக இருக்க வேண்டும்.

வழி கண்டது கலிபோர்னியாவின் சான்டா பார்பரா பல்கலைக்கழகம். அலன் ஹீகர் குழுவினர் 1995-ல் இரண்டு பொருட்களையும் அடுக்காக வைக்காமல் ஒன்றாகக் கலந்தார்கள். பொரியையும் கடலையையும் கலந்ததுபோல. எந்தப் பொரியை எடுத்தாலும் பக்கத்தில் ஒரு கடலை இருக்கும். மின்கடத்தும் பிளாஸ்டிக்குகளுக்காக ஹீகர் 2000-ல் மேலும் இருவரோடு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கிட்டத்தட்ட சமையல்தான். கலவை பெரிது பெரிதாகத் திரண்டால் ஜோடிகள் பிரியாது. அளவுக்கு மீறி மசிந்தால் பிரிந்த எலெக்ட்ரான் வெளியேறப் பாதை இருக்காது. பக்குவம் எல்லாவற்றையும் தீர்மானித்தது. 2001-ல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில், டோலுவீனுக்குப் பதில் குளோரோபென்சீனில் கரைத்துப் பார்த்தார்கள். பொருள் மாறவில்லை, கரைப்பான் மட்டுமே மாறியது. திறன் ஏறக்குறைய மூன்று மடங்காகி 2.5 சதவிகிதத்தைத் தொட்டது. 2005-ல் வேறொரு கலவையை 150 டிகிரியில் சூடாக்கி 5 சதவிகிதம் எடுத்தார்கள். 2007-ல் இன்னொரு கலவையில் சிறிதளவு கந்தகச் சேர்மத்தைச் சேர்த்ததும் 2.8 என்பது 5.5 ஆனது.

அடுத்த பாய்ச்சல் சீனாவிலிருந்து வந்தது. எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ள நெடுங்காலம் பெரும்பாலும் பந்து வடிவ ஃபுல்லரீன் மூலக்கூறுகளே கதி. அவை ஒளியைப் பிடிப்பதில் சோம்பேறிகள். 2019-ல் சாங்ஷா நகரின் சூ யிங்பிங் குழு 'ஒய்6' என்ற மாற்று மூலக்கூறை அறிவித்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அது விழுங்கியது. திறன் 15.7 சதவிகிதம். அதன் வாரிசுகள் 2024-க்குள் 20 சதவிகிதத்தை எட்டிவிட்டன. கடையில் கிடைக்கும் சிலிக்கான் பலகைக்கு ஏறக்குறைய நிகர்.

அப்படியானால் கூரைகளில் ஏன் காணோம்? பதில் கோனார்கா நிறுவனத்தின் கதையில் இருக்கிறது. ஹீகரும் சேர்ந்து 2001-ல் தொடங்கிய அமெரிக்க நிறுவனம் இது. 17 கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டியது. பழைய போலராய்டு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மின்கலங்களைச் சுருள் சுருளாக அச்சிட்டது. 2012-ல் திவாலானது. திறனும் ஆயுளும் போதவில்லை. அதற்குள் சிலிக்கான் விலை அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது.

அந்தப் பாடம் இன்னும் பழசாகவில்லை. சாதனை படைக்கும் மின்கலங்கள் பெரும்பாலும் விரல் நகத்தைவிடச் சிறியவை. பெரிய பரப்பில் பூசினால் திறன் சரிகிறது. ஆய்வகத்தில் பயன்படும் குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்கள் நச்சு, தொழிற்சாலைக்கு ஆகாது. எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி காலம். ஆக்சிஜனும் ஈரமும் புற ஊதாக் கதிரும் மூலக்கூறுகளைச் சிதைக்கின்றன. சூட்டில் கலவையே மெல்ல நகர்ந்து, அரும்பாடுபட்டு வந்த பக்குவம் கலைகிறது. சிலிக்கான் பலகைக்கோ 25 ஆண்டு உத்தரவாதம் சகஜம். 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவிகித ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் தாக்குப்பிடிப்பது அதற்கு வழக்கமான தேர்வு.

இந்தியாவுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. பெங்களூரின் ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையம், டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் போன்றவை பல ஆண்டுகளாக இதில் உழைக்கின்றன. ஆனால் கோடையில் இங்கே கூரைப் பலகைகள் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். கடலோரத்தில் ஈரம் வேறு.

அதனால் முதல் வாய்ப்பு கூரையில் இல்லாமல் வீட்டுக்குள் இருக்கலாம். அறை விளக்கின் மங்கிய வெளிச்சத்தில் கரிம மின்கலம் நன்றாகவே வேலை செய்யும். சிறு உணர்கருவிகளுக்கு அந்த மின்சாரம் போதும். கனம் தாங்காத தகரக் கூரைக்கு வர வேண்டுமானால் அது இன்னொரு தேர்வில் தேற வேண்டும். திறனில் 20 வாங்கியாகிவிட்டது. இனி ஆண்டுக்கணக்கிலும் 20 வாங்க வேண்டும்.