மருந்தளவும் அழுத்தமும்: கைத்துப்பாக்கித் தோட்டாக்களைக் கையால் நிரப்பும் முறையில் மருந்தளவைத் தேர்தல்

ஆய்வுச் சுருக்கம்

பயன்படுத்திய பித்தளைக் கூட்டில் மீண்டும் மருந்தும் குண்டும் இட்டுத் தோட்டா செய்யும் கைநிரப்பு முறை, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. அம்முறையில் ஒரு தோட்டாவுக்குரிய மருந்தளவு எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கருமருந்துக் காலத்தில் கூட்டின் கொள்ளளவே மருந்தளவாக இருந்தது. புகையற்ற மருந்து வந்தபின் அவ்வுறவு முறிந்து, அழுத்தமே அளவைத் தீர்மானிக்கும் நிலை உருவாயிற்று. எனவே மருந்தளவு என்பது தனித்து நிற்கும் எண் அன்று. குறிப்பிட்ட உறுப்புகளின் சேர்க்கையைச் சோதித்துப் பெற்ற முடிவு என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தோட்டா, மருந்தளவு, கருமருந்து, புகையற்ற மருந்து, அறை அழுத்தம், கைநிரப்பு முறை.

முன்னுரை

தமிழ் இதழ்களில் ‘தோட்டா பாய்ந்தது’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பாய்வது தோட்டா அன்று. அதன் முனையில் பொருத்தப்பட்ட குண்டு மட்டுமே. தோட்டா என்பது நான்கு உறுப்புகளின் தொகுதி: பித்தளைக் கூடு, கூட்டின் அடியில் அமைந்து தட்டியவுடன் பொறி தரும் பிரைமர், உள்ளே இடப்படும் மருந்து, வாயை அடைத்து நிற்கும் குண்டு. சுட்டபின் கூடு பெரும்பாலும் சேதமின்றி எஞ்சுகிறது. அதை மீண்டும் பயன்படுத்துவதே கைநிரப்பு முறையின் அடிப்படை.

வெடிபொருளைக் குறிக்கவும் நோய் தீர்ப்பதைக் குறிக்கவும் தமிழில் ‘மருந்து’ என்ற ஒரே சொல் வழங்குகிறது. இவ்வொற்றுமை இங்குப் பயன் தருவதாகும். நோய்க்குரிய மருந்தளவு நோயாளியின் உடலைப் பொறுத்தது. ஒருவருக்கு உரியது மற்றவருக்குக் கேடாகலாம். தோட்டாவின் மருந்தளவும் அத்தகையதே.

கொள்ளளவே அளவாக இருந்த காலம்

வெடியுப்பு ஏறத்தாழ 75 விழுக்காடு, கரி 15 விழுக்காடு, கந்தகம் 10 விழுக்காடு கலந்தது கருமருந்து. அதைக் கூட்டினுள் காற்றிடைவெளி இன்றி நிரப்புவதே முறை. ஆகவே கூட்டின் பருமனே மருந்தளவைச் சொல்லிவிட்டது. இவ்வுண்மை தோட்டாக்களின் பெயர்களிலேயே பதிந்துள்ளது. 1873ஆம் ஆண்டைச் சேர்ந்த .44-40 என்னும் தோட்டாவின் பெயரில் முதல் எண் குழலின் விட்டத்தை அங்குலப் பின்னத்திலும், இரண்டாம் எண் கருமருந்தின் எடையைக் கிரெய்னிலும் குறிக்கின்றன. அதே ஆண்டைச் சேர்ந்த .45-70 என்னும் நீள்துப்பாக்கித் தோட்டாவின் பெயரும் இவ்வாறே அமைந்தது.

கிரெய்ன் என்பது தானிய மணியின் எடையிலிருந்து தோன்றிய அலகு. 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 64.8 மில்லிகிராம். நம் பொற்கொல்லர் கையாண்ட குன்றிமணி எடையும் விதையிலிருந்து பிறந்த அலகு என்பதை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். மருந்தையும் குண்டையும் இன்றும் கிரெய்னிலேயே நிறுக்கின்றனர்.

புகையற்ற மருந்தும் முறிந்த உறவும்

1884இல் பிரான்சு நாட்டு வேதியியலாளர் போல் வியேய் புகையற்ற மருந்தை உருவாக்கினார். 1887இல் ஆல்பிரட் நோபலின் பாலிஸ்டைட்டும், 1889இல் பிரிட்டனின் கார்டைட்டும் தொடர்ந்தன. பின்னதன் பெயரைத் தாங்கிய தொழிற்சாலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியின் அருவங்காட்டில் நிறுவப்பட்டது. ஒரே எடையுள்ள கருமருந்தைவிடப் புகையற்ற மருந்து பன்மடங்கு ஆற்றல் தருவது. எனவே பழைய கூட்டை அதனால் நிரப்ப இயலாது. நிரப்பினால் துப்பாக்கி சிதறும்.

இம்மாற்றத்தை இரு தோட்டாக்களின் ஒப்பீடு தெளிவாக்கும். ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 1898இல் வெளியிட்ட .38 ஸ்பெஷல், ஏறத்தாழ 21 கிரெய்ன் கருமருந்து கொள்ளுமாறு அமைக்கப்பட்டது. அதன் கூடு 29.3 மி.மீ. நீளம். 1902ஆம் ஆண்டைச் சேர்ந்த 9 மி.மீ. லூகர் தொடக்கத்திலிருந்தே புகையற்ற மருந்துக்கெனப் பிறந்தது. அதன் கூடு 19.15 மி.மீ. மட்டுமே. இரண்டின் குண்டுகளும் ஏறக்குறைய ஒரே விட்டமுடையவை. ஆனால் 1926இல் நிறுவப்பட்ட சாமி என்னும் அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் கழகம் வகுத்த உச்ச அழுத்தம், .38 ஸ்பெஷலுக்குச் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; 9 மி.மீ. லூகருக்கு 35,000 பவுண்டு. சிறிய கூடே இரு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்குகிறது. கூட்டின் பருமனைக் கண்டு மருந்தளவை ஊகித்தல் இனி இயலாது என்பதற்கு இதுவே சான்று.

1935இல் வந்த .357 மேக்னம் மற்றொரு சான்று. அதன் உச்ச அழுத்தம் இன்று 35,000 பவுண்டு. அதன் கூடு .38 ஸ்பெஷலின் கூட்டைவிட ஏறத்தாழ 3.4 மி.மீ. நீட்டப்பட்டது. கூடுதல் மருந்துக்கு இடம் வேண்டி அன்று. மிகை அழுத்தமுடைய தோட்டா பழைய.38 சுழல்துப்பாக்கியினுள் நுழையாமல் தடுப்பதற்காகவே அந்நீட்சி. நீளம் இங்குக் கொள்ளளவாக இல்லாமல் காவலாகப் பணிபுரிகிறது.

அழுத்தம் உயரும் விதம்

புகையற்ற மருந்துத் துகள் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காக எரிகிறது. எரியும் வேகம் சூழ்ந்துள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் கூடினால் எரிதல் விரைவாகும்; எரிதல் விரைந்தால் அழுத்தம் மேலும் கூடும். இச்சுழற்சியின் விளைவாக, மருந்தை ஒரு பங்கு கூட்டினால் அழுத்தம் அதே பங்கில் நில்லாமல் அதனினும் மிகுதியாக உயர்கிறது. குண்டின் திசைவேகமோ அந்த அளவுக்கு உயர்வதில்லை. உச்ச அளவை நெருங்கும்போது சேர்க்கும் இறுதித் துகள்கள் சிறிதளவு வேகத்தையும் பேரளவு இடரையும் தருகின்றன.

மருந்தளவு மாறாதிருக்கும்போதும் அழுத்தத்தை மாற்றும் காரணிகள் உள. குண்டின் எடை கூடினால் அது நகரத் தயங்கும், அழுத்தம் உயரும். குண்டைக் கூட்டினுள் ஆழமாகச் செருகினால் மருந்துக்குரிய வெளி குறையும். 9 மி.மீ. லூகர் போன்ற சிறு கூட்டில் மில்லிமீட்டரின் பின்னம் அளவான ஆழமும் அழுத்தத்தைப் பெரிதும் உயர்த்தும். பிரைமரின் வகை, கூட்டுச் சுவரின் தடிப்பு, குண்டின் மேலுறை, குழலின் உள்ளளவு ஆகியனவும் பங்கு கொள்கின்றன.

அட்டவணையை வாசிக்கும் முறை

இக்காரணங்களால் மருந்து உற்பத்தியாளர்கள் ஆய்வகத்தில் சோதித்து அட்டவணைகளை வெளியிடுகின்றனர். பழைய அட்டவணைகளில் செப்பு உருளை நசுங்கும் அளவைக்கொண்டு அழுத்தம் கணிக்கப்பட்டது. இம்முறை 19ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியது. இன்று அழுத்தத்தால் மின்னூட்டம் பிறக்கும் படிகக் கருவிகள் பயன்படுகின்றன. இரு முறைகளும் தரும் எண்கள் ஒன்றல்ல. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பொதுவான வாய்பாடும் இல்லை.

அட்டவணையின் ஒவ்வொரு வரியும் பிரிக்கவியலாத ஒரு வாக்கியம் போன்றது. தோட்டாவின் பெயர், குண்டின் எடையும் வகையும், தோட்டாவின் முழு நீளம், பிரைமர், மருந்தின் பெயர், தொடக்க அளவு, உச்ச அளவு ஆகியன சேர்ந்தே பொருள் தரும். இவற்றுள் ஒன்றை மாற்றிவிட்டு மருந்தளவை மட்டும் எடுத்துக்கொள்வது, வாக்கியத்தின் எழுவாயை மாற்றிவிட்டுப் பயனிலையை அப்படியே வைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும். ஆகவேதான் தொடக்க அளவிலிருந்து தொடங்கிச் சிறுசிறு படிகளாக உயர்த்துமாறு கையேடுகள் வலியுறுத்துகின்றன. பிரைமர் தட்டையாதல் போன்ற புறக்குறிகள் கைத்துப்பாக்கிகளில் நம்பத்தக்கன அல்ல; அவை தோன்றுமுன் வரம்பு கடந்திருக்கக்கூடும்.

இரு வரம்புகளுக்கு இடையே தேர்வு

உச்ச அழுத்தம் மேல்வரம்பு. கீழ்வரம்பும் உண்டு. மருந்து மிகக் குறைந்தால் குண்டு குழலிலேயே தங்கிவிடும். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கியில், பின்னுதைப்பு போதாவிடில் இயக்கம் தடைப்படும்.

போட்டியாளர்க்கு மேலும் ஒரு நிபந்தனை உள்ளது. செயல்முறைச் சுடுதல் போட்டிகளில் குண்டின் எடையைக் கிரெய்னிலும் திசைவேகத்தை வினாடிக்கு அடியிலும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்து ஆற்றல் எண் காண்பர். சிறு பிரிவுக்கு அது 125க்குக் குறையக்கூடாது. 124 கிரெய்ன் குண்டு 1050 அடி வேகத்தில் 130ஐ எட்டும். 147 கிரெய்ன் குண்டு 890 அடி வேகத்திலேயே ஏறத்தாழ அதே எண்ணை எட்டும். ஒரே பயனுக்கு இரு வேறு சேர்க்கைகள் உள்ளன; அவற்றின் மருந்தளவுகளும் வேறு. எனவே ‘9 மி.மீ. லூகருக்கு மருந்தளவு எவ்வளவு?’ என்ற வினாவுக்கு ஒற்றை விடை இல்லை.

மருந்தின் பருமனும் தேர்வுக்குரியது. கருமருந்துக்கென அமைந்த .38 ஸ்பெஷல் போன்ற கூட்டில், அடர்ந்த விரைவு மருந்தின் உரிய அளவு பாதியைக்கூட நிரப்பாது. கவனக்குறைவால் இருமுறை இட்டாலும் கூடு ஏற்றுக்கொள்ளும். குண்டைப் பொருத்தியபின் வெளித்தோற்றத்தால் கண்டறிய இயலாது. கைநிரப்பில் அஞ்சத்தக்க பிழை இதுவே. பருமன் மிக்க மருந்தைத் தேர்ந்தால் இரண்டாம் முறை இடும்போது அது கூட்டின் வாயில் வழிந்து பிழையை அறிவித்துவிடும். பழைய பெருங்கூடுகளுக்கென்றே நடுவில் துளையுள்ள வளையத் துகள்களாக ட்ரெயில் பாஸ் என்னும் மருந்து உருவாக்கப்பட்டது இதனை உணர்த்தும்.

முடிவுரை

கருமருந்துக் காலத்தில் கூடு தன் அளவைத் தானே சொன்னது. புகையற்ற மருந்து அக்குரலை அடக்கியது. அதன் இடத்தை அழுத்தமானியும் அட்டவணையும் ஏற்றன. மருந்தளவைத் தேர்தல் என்பது பெரிய எண்ணை நாடுவது அன்று. இரு வரம்புகளுக்கு இடையே, கருதிய பயனுக்குப் போதுமான அளவில் நிற்பதே ஆகும். அமெரிக்காவில் தனிப் பயன்பாட்டுக்குரிய கைநிரப்புக்குக் கூட்டரசின் உரிமம் வேண்டுவதில்லை. இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரித்தலை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடைசெய்கிறது. ஆயினும் இத்துறையின் நூல்களையும் தடயவியல் அறிக்கைகளையும் தமிழில் எழுதுவோர் தோட்டா, குண்டு, கூடு, மருந்து ஆகியவற்றை வேறுபடுத்தி வழங்குதல் இன்றியமையாதது. கொலை வழக்கொன்றில் தரையில் கிடைத்தது கூடா, குண்டா, சுடப்படாத தோட்டாவா என்பது சொல்லின் நுட்பம் மட்டும் அன்று. அது சான்றின் தன்மையையே மாற்றவல்லது.