உடலுக்குள் ஒரு பார்வை – 9: ஸ்கேன் அறையில் இதயம்

ஸ்கேன் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வகைக் கருவிகள் அடங்கியிருக்கின்றன. எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் ஒலி அலைகளால் படம் பிடிக்கிறது. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனும் அதே இனம். சி.டி. ஸ்கேனும் ஆஞ்சியோகிராமும் எக்ஸ்ரே கதிரால் இயங்குபவை. எம்.ஆர்.ஐ.யில் கதிரே கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். இவற்றுள் வழக்கமான எக்கோவால் இதயத்துக்குத் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை. அதைத் திரும்பத் திரும்ப எடுக்க அஞ்ச வேண்டியதில்லை.

கதிரின் கதை வேறு. மண், காற்று, உணவு வழியே மனிதருக்கு இயற்கையாகச் சேரும் கதிர் உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். மார்பு எக்ஸ்ரே ஒன்றில் சேர்வது ஏறக்குறைய 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு, மார்பு சி.டி.யில் 5 முதல் 7 வரை. மில்லிசீவர்ட் முழு உடலுக்கான கணக்கு; ஓர் உறுப்பில் படிவதை மில்லிகிரேயில் அளப்பார்கள். மார்பு சி.டி.யில் இதயத்தில் படிவது சுமார் 10 முதல் 20 மில்லிகிரே. இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் 500 மில்லிகிரேயை எச்சரிக்கை எல்லையாகக் கொள்ளலாம் என்று பன்னாட்டுக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் அறிவித்தது. ஒரு மார்பு சி.டி. தருவது அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் அதற்கும் கீழே.

கதிர் இதயத்தைத் தாக்கும் என்பது ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டு வீச்சில் உயிர் பிழைத்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் தெரியவந்தது. மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை பெற்ற சுவீடன், டென்மார்க் பெண்களைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வு, இதயத்தில் படியும் ஒவ்வொரு கிரேக்கும் மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகள் 7.4 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டது. ஒரு கிரே என்பது ஆயிரம் மில்லிகிரே. அந்த அளவை ஒரு ஸ்கேனோடு சேர்த்துப் பயப்படுவது தவறு. ஆனால் சிறு அளவுகளும் கூடிக்கொண்டே போகலாம் என்ற ஐயம் ஆய்வாளர்களிடம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் தேவையில்லாத மறுஸ்கேன் முக்கியமான விஷயமாகிறது.

காவிரிப் படுகையில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. தஞ்சை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1959இல். திருவாரூருக்கு 2010இலும் நாகப்பட்டினத்துக்கு 2022இலும்தான் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பெரிய வைத்தியம் என்றால் தஞ்சாவூர் என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. ஊரில் எடுத்த ஃபிலிமை வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினால், தஞ்சாவூரில் மறுபடியும் எடுக்க வேண்டிவரும். பழைய ஃபிலிமும் ரிப்போர்ட்டும், கொடுத்திருந்தால் குறுந்தட்டும் கையில் இருந்தால் பல சமயம் அந்த இரண்டாவது கதிர் மிச்சமாகும்.

உடனடி ஆபத்து என்று பார்த்தால், கதிரைவிட ஊசி மருந்தையே அதிகம் கவனிக்க வேண்டும். ‘மருந்து போட்டு எடுக்கிற ஸ்கேன்’ என்று மக்கள் சொல்லும் சி.டி.யிலும் ஆஞ்சியோகிராமிலும் செலுத்துவது அயோடின் கலந்த திரவம். உடம்பெங்கும் ஒரு சூடு பரவுவது இயல்பு. அரிதாகச் சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும் அளவுக்கு ஒவ்வாமை வரும். நாகை, வேதாரண்யம் கடற்கரையில் இறால் சாப்பிட்டால் அரிப்பு வருகிறவர்கள் இந்த ஊசி கூடாது என்று நம்புவதுண்டு. இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள புரதம், அயோடின் அல்ல. முன்பு இதே மருந்துக்கு ஒவ்வாமை வந்ததா என்பதுதான் சொல்ல வேண்டிய செய்தி.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இம்மருந்து மேலும் சுமை. சிறுநீரகம் வெளியேற்றாமல் உடலில் தேங்கும் நீர் பலவீனமான இதயத்துக்கும் சுமையாகும். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் விடிகாலை பஸ்ஸில், வெறும் வயிறு என்று தண்ணீரும் குடிக்காமல் வரும் சர்க்கரை நோயாளிக்கு இது இன்னும் கவலைக்குரியது. எவ்வளவு நேரம் வரை தண்ணீர் குடிக்கலாம், மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்த வேண்டுமா, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு என்பதை முந்தைய நாளே கேட்டுக்கொள்வது நல்லது. இதய ரத்தக்குழாய்க்கான சி.டி.யில் துடிப்பை நிமிடத்துக்கு 60 அளவில் கொண்டுவர மெட்டோப்ரோலால் போன்ற மருந்து கொடுப்பார்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யின் 1.5 டெஸ்லா காந்தம் புவியின் காந்தப்புலத்தைப் போல முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். இதய ரத்தக்குழாயில் இப்போது வைக்கப்படும் ஸ்டெண்ட் அதில் நகராது. ஸ்டெண்ட் போட்டவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது என்பது வெறும் பேச்சு. பேஸ்மேக்கர் அப்படியல்ல. பழைய வகையில் காந்தம் துடிப்பைக் குழப்பலாம், கம்பி நுனி சூடேறலாம். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றபடி வடிவமைத்த முதல் பேஸ்மேக்கருக்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அத்தகைய கருவி உள்ளவரும் அதற்கான அட்டையைக் காட்ட வேண்டும். ஸ்கேனுக்கு முன் கருவி தற்காலிக அமைப்புக்கு மாற்றப்படும். படம் எடுக்கும் வரை துடிப்பு கண்காணிக்கப்படும். முடிந்ததும் பழைய அமைப்புக்குத் திருப்பிச் சரிபார்த்த பிறகே நோயாளி வெளியே அனுப்பப்படுவார்.